முட்டிக்கு நடை மட்டும் போதாது

தினமும் காலையில் மெரினாவிலும் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் பலர், வீட்டு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை. "இவ்வளவு நடந்தும் முட்டி வலிக்குதே" என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் சமதரையில் நடப்பதால் தொடைத் தசைக்குப் பெரிதாக வலு ஏறாது. முட்டியைக் காப்பாற்றுவது அந்தத் தசைதான்.

ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போது வலி ஏன் அதிகம்? படி இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல சுமார் 3 மடங்கு. அப்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். அதற்கு வலு இல்லையென்றால் கால் 'தொப்'பென்று கீழ்ப்படியில் விழும். தசை வாங்கியிருக்க வேண்டிய அதிர்வு மூட்டுக்குப் போகும். முட்டியில் வலியோ நீரோ கோத்துவிட்டால் இன்னும் மோசம். தொடைத் தசையை முழுதாக இயங்கவிடாமல் நரம்பு மண்டலமே தடுத்துவிடும். தசை மெலியும், வலி கூடும், இன்னும் மெலியும். முட்டிக்கு உறை (knee cap) போட்டு ஓய்வெடுத்தால் மட்டும் இது சரியாகாது.

வீட்டிலேயே தொடங்க ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் 2 நொடியில் எழுந்து, 4 நொடி எடுத்து உட்காருங்கள். 8 முதல் 10 தடவை. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று சுற்று. வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெரும்பாலோர் கோட்டை விடுவது கடைசி நாலு விரல் உயரத்தில்: அங்கே தளர்ந்து பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பலன் அதிகம் உள்ள இடமே அதுதான். எழ முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். பத்தாவது தடவையும் சுலபமாக இருந்தால் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். சுலபமாகச் செய்துகொண்டே இருந்தால் தசை வளராது.

எழும்போது முட்டிகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசையும் வலுவிழந்திருக்கலாம். ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை நீட்டியபடி, சற்றுப் பின்னோக்கித் தூக்குங்கள், 10 தடவை. கால் முன்னால் வந்தால் வேறு தசை வேலை செய்துவிடும்.

வலிக்கு ஒரு கணக்கு உண்டு. பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, முதலில் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்பின் பழக்கத்தால் வருவது. தசை பருக்க இரண்டு மாதமாவது ஆகும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் உறுதியாக அதைவிட நாளாகும். ஜனவரி மாரத்தானுக்கு நவம்பரில் ஓடத் தொடங்கும் இளைஞர்கள் முட்டிச்சில்லுக்குக் கீழேயும் குதிகால் நாணிலும் வலியோடு வருவது இதனால்தான். அவர்கள் ஆகஸ்டிலேயே நாற்காலிப் பயிற்சியையும், படி ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் தொடங்கிவிடலாம்.