ஈஸ்ட் என்று மட்டும் எழுதினால் போதாது

மதுரையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் முதலில் கிராம் ஸ்டெயின், அதாவது கிருமிக்கு நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பாக்டீரியாவை எதிர்பார்த்துக் குனிந்தால், சில நேரம் அதைவிடப் பெரிதாக, ஊதா நிறத்தில், மொட்டு விட்ட முட்டை வடிவச் செல்கள் தெரியும். அதுதான் ஈஸ்ட், ஒரு செல் பூஞ்சை. உடனே ஐசியூவுக்கு போன். கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செல்லும் டியூப்) போட்டு, நாள் கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியாகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

சில இடங்களில் ரிப்போர்ட் 'ஈஸ்ட் வளர்ந்துள்ளது' என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு இதில் சம்மதமே இல்லை. கேண்டிடா என்ற ஈஸ்டிலேயே பல வகை. கேண்டிடா ஆல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கே கட்டுப்படும். க்ரூசி என்ற வகை இயல்பிலேயே கட்டுப்படாது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட ஆரிஸ், அநேகமாக அதற்கு மசிவதே இல்லை. சில சமயம் ஆம்ஃபோடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கும் இல்லை. கிருமியின் பெயரைக் கண்டுசொல்லும் கருவியில் மென்பொருள் பழையதாக இருந்தால், ஆரிஸை ஹீமுலோனி என்ற வேறொரு வகையாகக் காட்டிவிடும். 42 டிகிரியில் வைத்துப் பார்த்தால் ஆரிஸ் வளரும், ஹீமுலோனி வளராது.

மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ரிப்போர்ட் வாங்க வந்தார். "சேத்துப்புண்ணு கால்லதானக்கா வரும், எங்கப்பா ரத்தத்துல எப்படி?" என்றார். இது வேறு வகை, நம் குடலிலும் தோலிலும் இருப்பதுதான், உடம்பு தளர்ந்தால் உள்ளே புகும் என்று சொன்னேன். அப்புறம் கேட்டார்: "அந்த ஊசி இன்னும் எத்தன நாளைக்குக்கா?" வீட்டு நகை ஏற்கெனவே அடகில் இருந்தது.

காஸ்போஃபன்ஜின், மைக்காஃபன்ஜின் போன்ற பூஞ்சைக்கான ஊசிகள் விலை அதிகம். ரத்தம் சுத்தமான பிறகும் இரண்டு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். அவர் அப்பாவுக்கு வளர்ந்தது ட்ராபிகாலிஸ் என்ற கேண்டிடா வகை, நிறத்தை வைத்து வகை காட்டும் க்ரோம் அகார் தட்டில் நல்ல நீலம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டியில் ஃப்ளூகோனசோல் வேலை செய்தது. லைனை எடுத்து, அடுத்த கல்ச்சர் நெகட்டிவ் ஆனதும் டாக்டர் மாத்திரைக்கு மாற்றிவிட்டார். பெயரும் சென்சிட்டிவிட்டியும் சரியாகப் போனால் உயிரோடு நகையும் மிஞ்சும்.

ஆரிஸ் என்றால் மருந்தோடு முடியாது. கட்டில் கம்பி, பிபி கஃப், மானிட்டர் பட்டன் எதிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது, குளோரின் கரைசல் வேண்டும். அதனால் அந்தப் பெயர் வந்தால் டாக்டருக்குச் சொன்ன கையோடு, தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டருக்கும் போன் போட்டுவிடுகிறேன். பிரிண்ட் வரும்வரை காத்திருப்பதில்லை.