மொட்டைமாடியில் சாறெடுப்பு: எதற்கு எந்த முறை

தண்டையார்ப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் பாதி துணி காயப்போட, மீதி என் கண்ணாடிச் சாமான்களுக்கு. செடியிலிருந்து நிறமோ மணமோ தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பதுதான் கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. இதில் இறங்கும் பலரும் முதலில் கருவி வாங்கத்தான் ஓடுகிறார்கள். எடுக்கப்போகும் பொருளின் குணத்தை முதலில் விசாரித்துவிட்டால் பாதிக் கருவிகள் தேவைப்படாது என்பது என் கட்சி. எதில் கரையும், எவ்வளவு சூடு தாங்கும், நீராவியோடு கிளம்புமா? இவ்வளவுதான் விசாரணை.

முதலில் மஞ்சள். அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின், தூளில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் இருக்கும். தண்ணீரில் அது அநேகமாகக் கரையாது. மஞ்சள் போட்ட தண்ணீர் மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அதை ஃபில்டர் தாளில் வடித்துப் பாருங்கள். தூள் மேலே தங்கி, கீழே வெளிறிய நீர்தான் இறங்கும். ஸ்பிரிட் வகைகளில் நன்றாகக் கரையும். ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ் வேண்டும். மெத்தனால் பக்கமே போகக் கூடாது; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் எனக்கு. தூள் ஒரு பங்கு, ஆல்கஹால் ஆறு பங்கு, மூடி போட்ட கண்ணாடி ஜாடி, அவ்வப்போது ஒரு குலுக்கல். இரண்டு நாள் ஊறினால் போதும்.

வடித்ததை அகலமான பீங்கான் தட்டில் ஊற்றி, திறந்த வெளியில் ஆவியாக விட்டேன். அக்கம்பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ இருக்கவே கூடாது. கடைசியில் மிஞ்சியது கருஞ்சிவப்பாக, பலாப்பழப் பால் போல விரலை விடாத பிசின். குர்குமினோடு மஞ்சளின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தே வந்துவிடுவதால் வரும் ஒட்டல் இது. தாளில் ஒரு பொட்டு வைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டால் ஆரத்திச் சிவப்பு. தண்ணீர் வடிகட்டலில் அதே சோதனைக்கு லேசான சாயல்கூட சரியாக வரவில்லை. ஐசோபுரோப்பைலில் எடுத்தது எதுவும் வாய்க்குப் போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இதற்கு சாக்ஸ்லெட் கருவி வாங்கலாமே என்றார் நண்பர். ஃப்ரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879இல் பாலின் கொழுப்பை அளக்கச் செய்தது அது. கரைப்பான் கொதித்து, குளிர்ந்து, தூள் மேல் சொட்டி, நிறைந்ததும் தானே கீழே இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தூளுக்குப் புதுக் கரைப்பான் கிடைப்பதால் சத்து மிச்சமில்லாமல் வரும். ஆனால் எடுத்த சாறு மணிக்கணக்கில் கீழே கொதித்துக்கொண்டே கிடக்கும். குர்குமின் தாங்கிக்கொள்ளும், எல்லாமும் தாங்காது. எரியும் திரவத்தை வீட்டில் மணிக்கணக்கில் கொதிக்கவிட எனக்கு தைரியமும் இல்லை.

சூடு தாங்காததற்குப் பெரிய சாட்சி ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. மலேரியாவுக்கு மூலிகையைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பச்சையாக நனைத்துப் பிழியச் சொன்ன பழைய சீனக் குறிப்பைப் படித்த சீன விஞ்ஞானி தூ யூயூ, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தர் என்ற கரைப்பானில் எடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

என் மட்டத்துக்கு சங்குப்பூ. நீல நிறமி தண்ணீரிலேயே இறங்கிவிடும், ஸ்பிரிட் வேண்டாம். கை பொறுக்காத சூட்டில் கால் மணி நேரம் மூடி வைத்தால் போதும். எங்கள் போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் நீலம் பச்சைக்குச் சாய்கிறது; கேன் தண்ணீரில் அப்படியே நிற்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் கொதிக்கும்போது காரத்தன்மை கூடுவதுதான் காரணம். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஜா நிறம்.

எண்ணெய்தான் கரைப்பான் என்றால் வேலை இன்னும் சுலபம். ராசப்ப செட்டித் தெருவில் வேம்பாளம்பட்டை வாங்கித் தேங்காய் எண்ணெயில் போட்டால் போதும், சிவப்பு தானே இறங்கும்.

அதிக நேரம் பிடித்தது கற்பூரவல்லி. அதன் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சும்போது இரண்டின் ஆவி அழுத்தமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதால் 100 டிகிரிக்குக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. கடையில் விற்கும் ஓமத் தண்ணீரும் இப்படி வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைக்கும் கலத்தில் வடித்ததுதான். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குக் குழாய்த் தண்ணீரை ஓடவிட இந்த ஊரில் மனசு வருமா? கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டி பம்ப், ஒரு பக்கெட் தண்ணீர், காசிமேட்டிலிருந்து ஐஸ் கட்டி. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது.

"இன்னாபா, மாடியெல்லாம் ஒரே கற்பூரவல்லி வாட, யாருக்கு சளி?" என்று கீழ்வீட்டு ஆயா குரல் கொடுத்தது.

வடிந்தது பால் கலங்கலாக இருந்தது. கார்வக்ராலின் அடர்த்தி தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எண்ணெய் பிரிய மறுக்கிறது. கல் உப்பு கரைத்து வைத்தேன். கலங்கல் மெல்லத் தெளிந்து, சோதனைக் குழாயின் மேல்பக்கம் வெளிர்மஞ்சளாக ஒரு வளையம் ஏறியது. ஒரு கூடை இலைக்குச் சில துளிதான். பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர்தானே.

அடுத்து மரிக்கொழுந்து. ஆர்ட்டெமிசினின் தரும் செடிக்கு இது உறவுதான், ஆனால் எனக்கு வேண்டியது மணம் மட்டும், அதனால் வாலையே சரி. பூக்கடையில் கட்டாக வாங்கி, நிழலில் ஒரு நாள் வாடவிட்டு ஏற்றலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு ஐஸ் மட்டும் கூடுதலாக வேண்டும்.