வன்னிக்கு நியமனம் கிடைத்த தம்பி தங்கைகளுக்கு

இளம் வைத்தியர்களின் உள்ளகப் பயிற்சி முடிந்து நியமனப் பட்டியல் வந்தவுடன் எனக்குக் கோல் வரத் தொடங்கிவிடும். பெயர் மல்லாவிக்கோ புதுக்குடியிருப்புக்கோ விழுந்திருக்கும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, அங்க போனா எம்.டி. படிப்புப் பிந்திப் போயிடுமா?" முந்தநாளும் ஒரு தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தப் பயம் நியாயமானது. எம்.டி. என்ற நிபுணத்துவப் படிப்பை நடத்தும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இருப்பது கொழும்பில். சேர்ந்து படிக்கும் கூட்டாளிகளும் பெரும்பாலும் அங்கேதான். இங்கே இரவுக் கடமை முடித்து வந்து விடுதியில் தனியாகப் புத்தகத்தைத் திறக்க மனம் வராது. ஆனால் தனிமைக்கு மருந்து இடமாற்றம் அல்ல, கேட்பதற்கு ஒரு ஆள். அந்த ஆள் இருந்தால் வன்னியில் கழிக்கும் காலம் உங்களை நல்ல வைத்தியராக்கும். இல்லாவிட்டால் கொழும்பில் இருந்தாலும் தடுமாறுவீர்கள்.

எனக்கு அது புரிந்தது துணுக்காய்ப் பக்கம் வேலை செய்தபோது. விடியப்புறம் ஒரு பிள்ளையை வயிற்றுவலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் இல்லை, வாந்தி ஒரு தடவை. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் சொன்னார். அருகில் நின்ற தாதி, அந்த வைத்தியசாலையிலேயே தலை நரைத்தவர், மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், பிள்ளை நிலத்திலயோ படுத்தது எண்டு கேளுங்கோ." நிலத்தில்தான். பாயில். பிள்ளையை மேலே பார்க்கச் சொன்னேன். கண் மேலே போனது, இமை முழுதாக எழும்பவில்லை. பாம்பு விஷம் என்று சந்தேகித்து உடம்பு முழுக்கத் தேடியும் கடிவாயைக் காணவில்லை. கட்டுவிரியன் கடி பல வேளை அப்படித்தான். நித்திரையில் கடிக்கும், வலிக்காது, தடமும் இருக்காது. வயிற்றுவலிதான் முதலில் வரும்.

கிளிநொச்சி வைத்தியசாலையில் இருந்த மூத்த வைத்தியர் சேருக்குக் கோல் எடுத்தேன். நித்திரைக் குரலில் அவர் கேட்டது: "ஒரே மூச்சில எண்ணச் சொல்லு. எத்தனை வரைக்கும் எண்ணுது?" பிள்ளை பத்தைத் தாண்டவில்லை. சுவாசத் தசை தளர்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்தைத் தொடங்கு, மூச்சுக்குழாய் போட எல்லாம் ஆயத்தமாக வை, அம்புலன்ஸில் நீயும் ஏறு என்றார். மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் போகும்போது இரண்டு தடவை அவரே கோல் எடுத்துக் கேட்டார். பிள்ளை சில நாள் வென்டிலேட்டரில் இருந்து, சுகமாகி வீட்டுக்குப் போனது.

அன்று எனக்கு வழிகாட்டியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வைத்தியரே இல்லை. ஆகவே புது இடத்துக்குப் போனால் முதல் கிழமையிலேயே பழைய தாதியிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் போய்ப் பேசுங்கள். இந்த மண்ணின் உடம்பு அவர்களுக்குத் தெரியும். வயல் காலத்தில் காய்ச்சலோடு வருபவரிடம் எலிக்காய்ச்சலை நினைத்துக் கேட்கவும், எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பமுன் உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்று விசாரிக்கவும் இங்கேதான் பழகினேன். பலர் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். 2009இலிருந்து உடம்போடு கிடப்பதை இனி எதற்குச் சொல்வது என்று இருந்துவிடுவார்கள்.

சரி, எந்தத் துறையைத் தெரிவு செய்வது? "எந்த ஸ்பெஷாலிட்டி நல்லது அண்ணா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. மயக்க மருந்து நிபுணரிடம் போய், சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்று அவருக்கு எப்படிப் போகும் என்று கேளுங்கள். உளநல கிளினிக்கில் ஒரு காலை முழுக்க ஓரமாக இருந்து பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரியோடு ஒரு நாள் கிராமத்துக்குப் போங்கள். சத்திர சிகிச்சை தவிர வேறொன்றும் வேண்டாம் என்று நின்ற ஒரு தம்பி அப்படிப் போய்வந்து இப்போது சமுதாய மருத்துவம் படிக்கிறான். நன்றாக இருக்கிறான்.

மருத்துவ பீடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் முதல் வருடம் வாய் அடைத்துப் போவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. வீட்டில் கேட்க ஒரு டொக்டர் இல்லாத பிள்ளைகள்தான் வன்னியில் அநேகம். மேல் பட்ச் அக்கா ஒருவரைப் பிடித்து, நோயாளரின் கதையைத் தினமும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிழைத்தால் அவர் திருத்துவார்.

என் வயதுக்காரருக்குச் சொல்ல இருப்பது வேறு. இரவில் கோல் எடுத்ததற்காக ஜூனியரை ஏசாதீர்கள். ஒருதரம் ஏச்சு வாங்கியவர் அடுத்த தரம் எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடப்பவர். கடந்த சில வருடங்களில் எத்தனையோ வைத்தியர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. இருக்கிறவர்கள் போனையாவது எடுப்போம்.

பட்டியலில் பெயர் வந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். மாஞ்சோலையோ செட்டிகுளமோ, அங்கே முன்பு வேலை செய்த ஒருவரைத் தேடி அறிமுகப்படுத்துகிறேன். விடுதியில் கோடையில் தண்ணீர் வருமா, மோட்டார் சைக்கிள் கட்டாயம் வேணுமா என்பதிலிருந்து அவரிடமே கேட்டுத் தொடங்கலாம்.