அத்தையின் அமெரிக்கப் பவுன்

கிருஷ்ணகிரியில் ஒரு வங்கிக்கு நகை மதிப்பீட்டாளராக 22 ஆண்டுகளாக இருந்துவருகிறேன். நகையைக் கையில் வாங்கியதும் எடை, டச் (நூற்றில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு), கல் இருந்தால் அதற்குக் கழிவு என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று, காவேரிப்பட்டணத்து அத்தையின் முந்தானை முடிச்சிலிருந்து சென்ற மாதம் என் மேசைக்கு வந்தது. அது 1881 என்று ஆண்டு பொறித்த அமெரிக்காவின் 5 டாலர் தங்கக் காசு. அத்தையின் மாமனார் கோலார் தங்க வயலில் வேலை செய்த காலத்தில் வாங்கிவந்தது என்பதால், அது கோலார் தங்கம் என்றே அந்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் ‘அமெரிக்கப் பவுன்’.

அத்தையோடு வந்திருந்த பேரன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் காசு ஒன்று 2021-இல் ஏலத்தில் 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் விலைபோன செய்தி அது. செய்தி உண்மைதான். அதே ஆண்டில் 1822-ஆம் ஆண்டின் 5 டாலர் காசு ஒன்றும் 84 லட்சம் டாலருக்கு விற்றது. 1822-இன் அந்தக் காசுகளில் இன்று அறியப்பட்டவை மூன்றே மூன்று. ஆனால் 1881-இல் பிலடெல்பியா நாணயச் சாலை அடித்த 5 டாலர் காசுகள் 57 லட்சத்துக்கும் அதிகம் என்று நான் சொன்னதும் பையன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அமெரிக்கர்கள் 10 டாலர் தங்கக் காசைக் கழுகு என்றும், 20 டாலரை இரட்டைக் கழுகு என்றும், இந்த 5 டாலரை அரைக் கழுகு என்றும் அழைத்தார்கள். அரைக் கழுகின் எடை 8.359 கிராம், குறுக்களவு 21.6 மில்லிமீட்டர். பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி செம்பு. அத்தையின் காசு என் தராசில் 8.31 கிராம் நின்றது. நம்மூர் நகைகளில் செம்போடு வெள்ளியும் சேர்வதால் மஞ்சள் நிறம் தூக்கலாக இருக்கும். இதில் செம்பு மட்டுமே என்பதால் சற்றுச் சிவந்து தெரியும். அந்தச் சிவப்பை வைத்துத்தான், அத்தை முதலில் போன ஒரு கடையில் கல்லில் உரைத்துவிட்டு, “வெளிநாட்டுக் காசு, 80 டச்சுதான் வரும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது 90 டச் காட்டியது. உரைத்த கோடு காசின் விளிம்பில் இல்லாமல் கழுகின் இறக்கைமேல் இருந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம்.

இயந்திரம் மேல்தோலை மட்டுமே படிக்கும் என்பதால் வீட்டில் தண்ணீர்ச் சோதனையும் செய்தேன். ஒரு சிறிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு, காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 0.48 காட்டியது. 8.31-ஐ 0.48-ஆல் வகுத்தால் 17.3, செம்பு கலந்த 90 டச் தங்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ இதுதான். உள்ளே பித்தளை இருந்திருந்தால் தராசு ஒரு கிராமை ஒட்டிக் காட்டியிருக்கும்.

தங்கம் சரியென்றால் காசும் அசல் என்று ஆகிவிடாது. 1950-களிலும் 60-களிலும் பெய்ரூத் பக்கம் சரியான தங்கத்தில், சரியான எடையில் போலி அமெரிக்கக் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டன. அவை தராசையும் உரைகல்லையும் எளிதாக ஏமாற்றிவிடும். அவற்றைப் பிடித்துக்கொடுப்பது லென்ஸ் ஒன்றுதான். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் சோப்புக் கட்டியின் விளிம்புபோல் மழுங்கியிருக்கும்; வெறும் தளத்தில் காரணமில்லாத சிறு பருக்கள் புடைத்திருக்கும். அத்தையின் காசில் அப்படி எதுவும் இல்லை. பக்கவாட்டில் திருப்பினால் கழுகு தலைகீழாகத் தெரிந்தது. மேலிருந்து கீழாகப் புரட்டினால் நிமிர்ந்து நின்றது. அமெரிக்கக் காசு அப்படித்தான் இருக்க வேண்டும்.

கழுகுக்குக் கீழே, ‘ஐந்து டாலர்’ என்ற எழுத்துக்கு மேலே உள்ள சிறிய இடத்தை அடுத்துப் பார்த்தேன். காசை அடித்த நாணயச் சாலையின் எழுத்து அங்கேதான் இருக்கும். எழுத்தில்லை என்றால் பிலடெல்பியா. ‘எஸ்’ இருந்தால் சான் பிரான்சிஸ்கோ. ‘சிசி’ இருந்தால் கார்சன் சிட்டி, அதற்கு விலை பல மடங்கு. எழுத்து எதுவும் இல்லை. 1880-இன் அச்சிலேயே கடைசிச் சுழியத்தின்மேல் 1-ஐப் பொறித்து அடித்த காசுகளும் உண்டு என்பதால் அந்த 1-ஐப் பத்து மடங்கு லென்ஸில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சுழியத்தின் சுவடு இல்லை.

இனித் தரம். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய பெரிய செப்புச் சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். அடையாளம் மட்டுமே தெரியும் தேய்ந்த காசுக்கு 1 என்றும், குறையே இல்லாத காசுக்கு 70 என்றும் வைத்து, விலையும் அதே விகிதத்தில் ஏறும் என்று கணக்கிட்டார். விலைக் கணக்கு நிலைக்கவில்லை, எண்கள் நிலைத்துவிட்டன. காசுகளுக்குத் தரம் குறிக்கும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ்ஸும் என்ஜிசியும் முறையே 1986-இலும் 1987-இலும் தொடங்கி, காசைப் பிளாஸ்டிக் பேழையில் மூடி எண் எழுதித் தரும் வழக்கத்தைப் பரப்பின. புழங்காத காசுக்கு 60-இலிருந்து. சற்றே உரசல் பட்டதற்கு 50 முதல் 58. அதற்குக் கீழே 40, 45.

இந்தக் காசில் மேடான இடங்களே முதலில் தேயும்: முன்பக்கத்தில் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கிரீடத்தின் முனை, பின்பக்கத்தில் கழுகின் கழுத்தும் இறக்கை நுனிகளும். கிரீடத்து எழுத்துகள் ஆறேழு அங்குலம் தள்ளிப் பிடித்தாலும் படிக்க முடிந்தன; கழுத்தில் விழும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தன; காதுக்கு மேலே மட்டும் கூந்தல் இழைகள் தட்டையாகியிருந்தன. தேய்மானத்தை மட்டும் கணக்கிட்டால் 45 தருவேன். தரகர் யாராவது 50 என்றாலும் சண்டை போட மாட்டேன்.

ஆனால் அந்த எண்ணை இந்தக் காசுக்கு எழுத முடியாது. அதற்குக் காரணம் நான்தான்.

முன்பு இந்தக் காசு அத்தையின் கழுத்துச் சங்கிலியில் வளையம் வைத்துத் தொங்கியது. 1998-இல், வேலைக்குச் சேராமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், வளையத்தை எடுத்துத் தரும்படி அத்தை என்னிடம் கொடுத்தார். நானும் பழைய பேட்டையில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோய், “வளையத்தை எடுத்துவிட்டு நல்லா பாலிஷ் போட்டுக் கொடுங்க” என்றேன். அவர் சொன்னதைச் செய்தார். தேவியின் தலைக்கு நேர் மேலே விளிம்பின் வரிகள் ஐந்தாறு இன்றும் அரத்தின் தடத்தோடு மழுங்கியிருக்கின்றன; அந்த இடத்தில் வளையத்தைப் பற்றவைத்த பொடி ஒட்டிய வெளிறிய நிறமும் மாறவில்லை. தளம் முழுவதும் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடி, நட்சத்திரங்களின் அருகே வந்து நின்றுவிடுகின்றன.

அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி நகரும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டாகும். காசைச் சாய்த்துப் பார்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல ஒளி சுழல்வது அவற்றால்தான். பாலிஷ் சக்கரம் அந்த வரிகளைச் சீவிவிட்டால் பளபளப்பு மட்டும் மிஞ்சும், ஒளி சுழலாது. நகைக்கு அழகு என்று நாம் நினைப்பது காசுக்குக் காயம். தரம் குறிக்கும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் தராமல், நகையில் இருந்தது, பாலிஷ் செய்யப்பட்டது என்று எழுதி ஒதுக்கிவிடும். அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று பையன் கேட்டதற்கும் இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த காசும் தொல்பொருள், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது.

நஷ்டம் எவ்வளவு என்றால், மனச்சாட்சி உறுத்தும் அளவுக்குப் பெரிதில்லை. இந்த ஆண்டுக் காசு 45 தரத்தில் முழுதாக இருந்திருந்தாலும் தங்க விலைக்கு மேல் சிறிதளவே கூடுதலாகக் கிடைத்திருக்கும். 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு மக்களிடமிருந்த தங்கக் காசுகளைத் திரும்பப் பெற்றபின் பெருமளவு உருக்கப்பட்டாலும், முன்பே கடல் கடந்து போனவை தப்பித்துக்கொண்டன. அதனால் சாதாரண ஆண்டுகளின் காசுகளுக்கு இன்னும் பஞ்சமில்லை. கார்சன் சிட்டிக் காசாக இருந்திருந்தால் அத்தை முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

ஆக, மிஞ்சுவது தங்கத்தின் விலை. 8.31 கிராமில் பத்தில் ஒன்பது பங்கு என்றால் 7.48 கிராம் சுத்தத் தங்கம். இதையே 916 நகைத் தங்கமாக மாற்றிக் கணக்கிட்டால் 8.165 கிராம் வருகிறது. இதற்குக் குறைத்து யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அத்தை சீட்டைப் படிக்கவில்லை, காசோடு சேர்த்து மடித்தார்.

“இவ்வளவு நேரம் பார்த்தியே கண்ணு, கடைசியில ஒரு பவுன்தானே?”

“ஒரு பவுனும் 165 மில்லியும், அத்தை.”