லொகேஷன் அனுமதிப் பெட்டி இரண்டு தரம் வந்தால்

ஓட்டோ கூப்பிடும் செயலியைத் திறந்தவுடன் லொகேஷன் அனுமதி இரண்டு தரம் கேட்டால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் கை நிறையப் பைகளோடு நிற்கிறவர் இரண்டாவதை மறுத்துவிட்டுப் போய்விடுவார். அன்ட்ரொய்ட் 11 இலிருந்து ஒரே அனுமதியை இரண்டு தரம் மறுத்தால் பிறகு அந்தப் பெட்டி வராது. செற்றிங்ஸுக்குள் போய்த்தான் திறக்கவேண்டும். ஆகவே இது சின்னப் பிழை அல்ல.

உங்கள் செயலியின் நிரலை, அதாவது கோடை (code), தொடமுதல் இரண்டு பெட்டிகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, எழுத்தை வாசியுங்கள். பல நேரங்களில் அவை வேறு வேறு பெட்டிகள். ஒன்று அனுமதி கேட்கும். மற்றது ஜீபிஎஸ்ஸைப் போடச் சொல்லி கூகுள் ப்ளே சேர்விசஸ் காட்டுவது. இரண்டும் தேவைதான், ஆனால் செயலி திறந்த கையோடு வேண்டாம். பயணி ஏறும் இடத்தைத் தெரிவுசெய்யும் பொத்தானை அழுத்தும்போது முதலில் அனுமதி, அது கிடைத்தபின் ஜீபிஎஸ் என்று வரிசைப்படுத்துங்கள்.

ஐபோனில் வரைபடம் வெப்வியூவுக்குள் (செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி) ஓடினால் இணையத்தளத்தின் பெயரோடு இன்னொரு பெட்டி வரும். பக்கத்தை லொகேஷன் கேட்க விடாமல், செயலியே இடத்தை எடுத்துப் பக்கத்துக்குக் கொடுத்தால் அது நின்றுவிடும். 'எப்போதும்' அனுமதி கேட்கும் செயலிகளுக்கு ஐஓஎஸ் 13 இலிருந்து சிஸ்டமே பின்னொரு நேரம் திரும்பக் கேட்கும். அதைக் கோடால் தடுக்க முடியாது. பயணியின் செயலிக்கு 'பாவிக்கும்போது மட்டும்' தாராளமாகப் போதும்.

இரண்டு பெட்டியும் ஒரே பெட்டியாகவே இருந்தால், அன்ட்ரொய்டில் முதலில் ஒன்ரெசியூமை (onResume, திரை முன்னுக்கு வரும் ஒவ்வொரு தரமும் ஓடும் கோடு) பாருங்கள். அனுமதிப் பெட்டி மூடியதும் ஒன்ரெசியூம் திரும்ப ஓடும். கேட்கும் கோடு அதற்குள் இருந்தால், மறுத்த கையோடு அடுத்த பெட்டி வந்து நிற்கும். அன்ட்ரொய்ட் 12 இல் இதைவிட மோசம்: ஒருவர் 'தோராயமான இடம்' என்று அனுமதித்திருப்பார், கோடோ துல்லிய அனுமதியை மட்டும் சரிபார்த்து, இல்லையென்று மீண்டும் கேட்கும். தோராயம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீற்றர். நல்லூர் ஒழுங்கைக்குள் ஓட்டோவை அனுப்ப அது காணாதுதான். ஆனாலும் அதை மறுப்பாக எடுக்காதீர்கள். வரைபடத்தைக் காட்டி, ஊசியைக் கையால் நகர்த்த விடுங்கள்.

அடுத்தது, கோடின் இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அனுமதி கேட்பது. வரைபடப் பகுதி ஒன்று, முகப்புத் திரை ஒன்று. அன்ட்ரொய்ட் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் ஏற்கும். மற்றதுக்கு ஒன்றுமில்லாத வெற்றுப் பட்டியல் பதிலாக வரும். அதை மறுப்பென்று எடுக்கும் கோடு உடனே திரும்பக் கேட்கும். கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் ஸ்டாக் ட்ரேஸை (எந்தக் கோடு எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) செயலியின் பதிவான லொக்கில் (log) எழுதுங்கள், யார் கேட்டார் என்று அப்படியே தெரியும். வெளியிலிருந்து சேர்த்த பிளகின்களையும் விடாதீர்கள். சிலது சொல்லாமலே கேட்கும். பிறகு கேட்கும் வேலையை கோடின் ஒரே பகுதியிடம், ஒரே கிளாஸிடம் (class), கொடுங்கள். ஒரு கோரிக்கை நிலுவையில் இருந்தால் மற்றவர்கள் அதே பதிலுக்குக் காத்திருக்கட்டும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு தரமும் செயலியை அழித்துத் திரும்பப் போட்டு, மறுப்பு, தோராயம், 'இந்த முறை மட்டும்' மூன்றையும் தனித்தனியே அழுத்துங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் செயலியை மூடிக் கொஞ்சநேரம் விட்டால் பெட்டி திரும்ப வரும். அது சிஸ்டத்தின் வழமை, அதைப் பிழையாகப் பதியவேண்டாம்.