எண்ணெய் குடிக்காத சிப்ஸ்: அடுப்படி நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

பச்சை உருளைக்கிழங்கில் கொழுப்பு 100 கிராமுக்கு 0.1 கிராம்தான். பொரித்த சிப்ஸில் அது 35 கிராம் வரை ஏறிவிடுகிறது. இந்த எண்ணெய் எந்த நேரத்தில் உள்ளே போகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டியில் சலசலப்பு இருக்கும்வரை சீவலின் உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் நுழைய இடம் கிடைக்காது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே மிச்சமிருந்த ஆவி நீராகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடம், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. அதாவது, பெரும்பங்கு எண்ணெயைச் சிப்ஸ் குடிப்பது சட்டியை விட்டு வெளியே வந்த பிறகு. பொரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் அரித்தெடுத்த கையோடு நன்றாக உதறி, சூடு இருக்கும்போதே தாளில் ஒற்றிவிட வேண்டும். ஆறிய பிறகு ஒற்றுவது வீண் வேலை.

இந்தக் குறிப்புகள் பொரிக்காத சிப்ஸுக்கு. கிழங்கில் நீர் ஏறக்குறைய 80 சதவீதம். நல்ல சிப்ஸில் 2 சதவீதம். நிறம் கருகுவதற்கு முன் இந்த நீர் முழுக்க வெளியேற வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கொதிக்கும் எண்ணெய் சீவலை எல்லாப் பக்கமும் சூழ்ந்து ஒரே சீராகச் சுடும். காற்றுக்கு அந்தத் திறன் இல்லை. ஆகவே எண்ணெய் மறைத்துவிடும் பிழைகள் எல்லாம் இங்கே வெளியே தெரியும்.

4 மார்ச், செவ்வாய்

கிழங்கு. மாவுத்தன்மை மிகுந்தது வேண்டும். நீர்த்த கிழங்கு காய நேரம் பிடிக்கும், காய்ந்தபின் தோல் போல இழுக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. 1 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரைத்துக் கிழங்கை முழுசாகப் போட வேண்டும். மூழ்கினால் சிப்ஸுக்கு ஏற்றது. மிதந்தால் குழம்புக்கு ஒதுக்கலாம்.

குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கு கூடவே கூடாது. 8 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கும். பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஓவனில் வைத்தால் நடு வேகுமுன் விளிம்பு பழுப்பேறி, கசக்கும். அப்படிப்பட்ட கிழங்கை வெளியே இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் ஓரளவு மீளும். பச்சை படிந்ததையும் முளை கட்டியதையும் தொடவே வேண்டாம்.

6 மார்ச், வியாழன்

சீவும் தடிமன் 1.5 மில்லிமீட்டர். கத்தியால் இது வராது, சிப்ஸ் கட்டை வேண்டும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓவனில் சுருண்டு கருகும். 2-ஐத் தாண்டினால் விளிம்பு முறுகியும் நடுவில் மெத்தென்றும் நிற்கும். கையின் அழுத்தம் மாறினால் ஒரே கட்டையிலேயே தடிமன் மாறும். முதல் இரண்டு சீவலும் கடைசித் துண்டும் எப்போதும் ஒத்துவராது. அவற்றைத் தனியே வைப்பது நல்லது.

500 கிராம் கிழங்கில் தோல் போக 450 கிராம் சீவல் கிடைக்கும். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். கலங்கல் என்பது வெட்டுப்பட்ட இடத்தில் கசிந்த மாவு. அது நின்றால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டிய இடம் வேகாது.

அடுத்தது கொதிநீர். 2 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி வினிகர், 2 டீஸ்பூன் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது சீவலைப் போட்டு 2 முதல் 3 நிமிடம். இந்தப் படியைத் தவிர்க்கலாமா என்றால், கூடாது என்பதுதான் பதில். சூடான நீர் மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதனால் நிறம் சீராக வரும். வினிகரின் புளிப்பு, கிழங்கின் செல் சுவர்களைப் பிணைக்கும் பெக்டினைக் கரையவிடாமல் பிடித்துவைக்கும். வினிகர் இல்லாத தண்ணீரில் 3 நிமிடம் கிடந்த சீவல் கையில் எடுத்தாலே பிய்கிறது. வினிகர் வாசனை ஓவனில் பறந்துவிடும்.

வடித்ததும் பருத்தித் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு அழுத்தி, 15 நிமிடம் விட வேண்டும். ஒரு சீவலைக் காகிதத்தில் வைத்து எடுத்தால் ஈரத் தடம் பதியக் கூடாது. பதிந்தால் ஓவனில் முதல் 10 நிமிடம் சிப்ஸ் சுடாது, ஆவியில் வேகும். நமுத்துப்போகும் சிப்ஸுக்குப் பெரும்பாலும் காரணம் ஓவன் அல்ல, இந்த ஈரம்.

9 மார்ச், ஞாயிறு

ஓவன். 450 கிராம் சீவலுக்கு எண்ணெய் 2 டீஸ்பூன், அதாவது 9 கிராம். தட்டில் ஊற்றிப் புரட்டினால் ஒரு பக்கம் குளிக்கும், ஒரு பக்கம் வறண்டிருக்கும். அகன்ற பாத்திரத்தில் சீவலைப் போட்டு, எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு விரல்களால் பிரித்துப் பிரித்துப் பூச வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறைந்த எண்ணெய் போதுமானதாக ஆவது இந்த இடத்தில்தான்.

தட்டில் பேக்கிங் தாள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்க வேண்டும். 450 கிராமுக்கு இரண்டு பெரிய தட்டு போதாது. மூன்றாகவோ இரண்டு ஈடாகவோ வைப்பதே சரி. நெருக்கி அடுக்கினால் ஆவி போக வழியின்றி அங்கேயே சுற்றும்.

180 டிகிரியில் 10 நிமிடம். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி, தட்டுகளை மேல்கீழ் மாற்றி, சூட்டை 140-க்கு இறக்கி 10 முதல் 15 நிமிடம். சூட்டை இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் உண்டு. 120 டிகிரிக்கு மேல் அது சர்க்கரையோடு சேர்ந்து அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளாகிறது. உணவில் இது உண்டாவதை 2002-இல் சுவீடனில்தான் கண்டறிந்தார்கள். நீர் நிறைய இருக்கும்வரை சீவலின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். காய்ந்து முடியும் கடைசி நிமிடங்களில்தான் சூடும் நிறமும் அக்ரிலமைடும் ஒருசேர விறுவிறுவென ஏறும். இளம்பொன் நிறத்தில் எடுத்துவிட வேண்டும். பழுப்பு வரட்டும் என்று காத்திருப்பது ருசிக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

எல்லாம் ஒரே நேரத்தில் ஆகாது. 18-ஆம் நிமிடம் முதல் 2 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, ஆனதை எடுத்துக் கம்பித் தட்டில் போட வேண்டும். திறக்கும்போது ஆவியும் வெளியேறும், அதுவும் நல்லதே. பொரிக்கும்போது சலசலப்பு அடங்குவது பக்குவத்தைச் சொல்லும். இங்கே காதுக்கு வேலை இல்லை, தராசுக்கு உண்டு: 450 கிராம் சீவல் 100 கிராமை ஒட்டி இறங்கினால் காய்ந்துவிட்டது. 120 காட்டினால், தொட்டுப்பார்க்க முறுகலாக இருந்தாலும் ஆறியதும் வளையும்.

10 மார்ச், திங்கள்

சிலிகோன் விரிப்பு இதற்குச் சரிப்படவில்லை. அடிப்பக்கம் வியர்த்துக்கொள்கிறது. தாளே மேல், துளையிட்ட தட்டு இருந்தால் அதைவிட மேல்.

12 மார்ச், புதன்

மைக்ரோவேவில் எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். தட்டில் பேக்கிங் தாள், சீவல்களை விளிம்பை ஒட்டி வட்டமாக அடுக்கி நடுவைக் காலியாக விட வேண்டும். 800 வாட்டில் 3 நிமிடம், திருப்பி 2 நிமிடம், பிறகு பாதி சக்தியில் 30 விநாடி 30 விநாடியாக. ஈரம் தீர்ந்த இடத்தில் நொடியில் கருகும் என்பதால் கடைசிக் கட்டத்தில் அங்கிருந்து நகரக் கூடாது. ஒரு ஈட்டுக்கு 15 சீவல்தான் கொள்ளும். இருவருக்கு மேல் என்றால் ஓவனே உத்தமம்.

ஏர் ஃப்ரையரில் 150 கிராம் சீவல், அரை டீஸ்பூன் எண்ணெய், 160 டிகிரி, 15 முதல் 18 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல். காயக் காயச் சீவல் பறந்து மேல் கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பி வலையை வைத்தால் அடங்கும்.

15 மார்ச், சனி

உப்பைப் பொடியாக அரைத்து, சூடு ஆறுமுன் தூவ வேண்டும். பொடி நாக்கில் உடனே கரைவதால் குறைந்த அளவே போதும்: 100 கிராமுக்கு 1 கிராம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிளகாய்த் தூளை ஓவனுக்கு முன் போட்டால் கருகிக் கசக்கும், கடைசியில் போடுக.

கணக்கு: 100 கிராம் சிப்ஸில் எண்ணெய் 9 கிராம், பொரித்ததில் இருப்பதில் கால் பங்கு. ஆனால் கலோரி 430-ஐ ஒட்டி நிற்கிறது. பொரித்ததில் 530-க்கு மேல். கொழுப்பு முக்கால்வாசி குறைந்தும் கலோரி ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஏனென்றால் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. எண்ணெய் குறைவு என்று தட்டு தட்டாகத் தின்றால் பயன் இல்லை. ஆளுக்கு 25 கிராம் என்று நிறுத்தே வைக்கலாம்.

18 மார்ச், செவ்வாய்

முழுக்க ஆறிய பிறகே டப்பா. இளஞ்சூட்டில் மூடினால் மூடியில் வியர்க்கும், மறுநாள் மொத்தமும் நமுத்துவிடும். சிறிய டப்பாக்கள் நல்லது; பெரிய டப்பாவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக்காற்று உள்ளே போகும். நமுத்ததை 120 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, வெளியே 5 நிமிடம் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். ஓவனிலிருந்து எடுத்ததும் மெத்தென்றே இருக்கும். ஆறும் முன் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளிவிட வேண்டாம்.