சொல் தொகுப்பை கிளவுடுக்கு மாற்றுகிறேன்: மூன்றாவது வாரம்

கொங்குப் பக்கத்துப் பேச்சுச் சொற்களை ஆறு வருஷமாகச் சேர்த்து வருகிறேன். 22,000 சொற்கள், கூடவே பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள். எல்லாம் 40 ஜிபி வட்டு கொண்ட ஒரு வாடகை சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருந்தன. பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்ளும் ஒரு கிளவுட் சேவைக்கு மாற்றலாம் என்று இறங்கினேன்.

சொந்தக்காரர்கள் தினமும் சொல் ஏற்றுகிறார்கள். அவர்களை நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. அதனால் லாஜிக்கல் ரெப்ளிகேஷன். 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிற வசதி இது. பழைய சர்வரில் எழுதுவது புதியதிலும் தானாக எழுதப்படும். முதல் நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் வரிசைகளை எண்ணினேன். சரியாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் பழைய சர்வரில் வட்டு நிரம்பப் போவதாக எச்சரிக்கை வந்தது. மிச்சம் 3 ஜிபி. டேட்டாபேஸ் 14 ஜிபிதான், மீதி எங்கே போனது? உள்ளே போய்ப் பார்த்தால் 'வால்' கோப்புகள், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் பதிவுகள், ஒவ்வொன்றும் 16 எம்பி, 900-க்கும் மேல் குவிந்து கிடந்தன. வழக்கமாக அறுபது எழுபதைத் தாண்டாது.

புதிய பக்கத்து லாக்கை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவை, திறந்ததும் காரணம் தெரிந்தது. முந்தின நாள் பழைய டேபிளில் 'வட்டம்' என்று ஒரு நெடுவரிசை (column) சேர்த்திருந்தேன், எந்தத் தாலுகாவில் கேட்ட சொல் என்று குறிக்க. டேபிளின் அமைப்பில் செய்யும் மாற்றத்தை இந்த ரெப்ளிகேஷன் கொண்டுபோகாது. புதிய பக்கத்தில் அந்த நெடுவரிசை இல்லை என்று அதே பிழை, சில நொடிக்கு ஒருமுறை. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளாத வரை, பழைய சர்வரில் இருக்கும் ஸ்லாட், அதாவது புதிய பக்கம் எதுவரை வாங்கியது என்று குறித்து வைக்கும் அடையாளம், ஒரு கோப்பைக்கூட அழிக்க விடாது. போதாததற்கு, ஒலிப்பதிவுகளைச் சுருக்கி மறுபடி எழுதும் ஸ்கிரிப்டும் அன்று ராத்திரி முழுக்க ஓடியிருந்தது.

என் கண்காணிப்பு ஏன் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கிளவுடில் சிபியு, மெமரி எல்லாம் அமைதி. எதுவுமே வந்து சேராததால் வந்த அமைதி அது. பின்தங்கலை அளக்கும் குவெரி, இணைப்பில் இருப்பவர்களை மட்டும் காட்டும் பட்டியலிலிருந்து எடுத்தது. இணைப்பு அறுந்தால் அங்கே வரியே இருக்காது. வெறுமையை என் ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 'தாமதம் இல்லை' என்றது. இப்போது ஸ்லாட் பட்டியலையே கேட்கிறேன்: சர்வர் எழுதி முடித்த இடத்துக்கும் ஸ்லாட் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்கும் எத்தனை எம்பி வித்தியாசம்? 500-ஐத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும்.

புதிய பக்கத்திலும் அந்த நெடுவரிசையைச் சேர்த்ததும் தானாக ஓட ஆரம்பித்தது, முக்கால் மணி நேரத்தில் எட்டிப் பிடித்தது. அப்புறம் ஒரு ஸ்லாட் அதிகபட்சம் 10 ஜிபிதான் பிடித்து வைக்கலாம் என்று வரம்பு போட்டேன். தாண்டினால் ஸ்லாட் செல்லாமல் போய்விடும், நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டும். வட்டு நிரம்பி சர்வரே நின்றுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஞாயிறு ராத்திரி மாற்றினேன். பத்து நிமிஷம் எழுத்தை நிறுத்தி, வித்தியாசம் பூஜ்யமானதும் புதிய முகவரியைக் கொடுத்தேன். முதல் சொல் அத்தையுடையது, 'ஒறம்பரை'. ஏறவில்லை, ஏற்கெனவே இருக்கும் எண் என்று பிழை. புதிய வரிகளுக்கு அடுத்தடுத்த எண் கொடுக்கும் சீக்வென்ஸ்களின் மதிப்பு இந்த ரெப்ளிகேஷனில் வரவில்லை. புதிய பக்கம் 1-லிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றையும் டேபிளின் கடைசி எண்ணுக்கு நகர்த்தினேன். "இப்ப போடுங்க அத்தை" என்றேன், ஏறியது.

அதற்குப் பிறகு சொற்பட்டியலைத் திறந்தால் 'ஆமை'க்கு முன்னால் 'ஆனை' நிற்கிறது. அகராதியில் னகரம் கடைசி மெய், யூனிகோடில் அது நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும். புதிய டேட்டாபேஸை உருவாக்கும்போது கொலேஷனை, அதாவது எழுத்துகளை அடுக்கும் முறையை, கவனிக்காமல் விட்டதில், வெறும் குறியீட்டு எண்படி அடுக்கிவிட்டது. சொல் இருக்கும் நெடுவரிசைக்கு ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைக் கொடுத்தேன். இன்டெக்ஸ் மறுபடி கட்டி முடிந்ததும் ஆமை முன்னால் வந்தது.

பழைய சர்வரை மாதக் கடைசி வரை வைத்திருக்கிறேன். சுருக்கிய ஒலிப்பதிவுகளை இரண்டு பக்கமும் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) எடுத்து ஒப்பிடுவது பாக்கி. இதுவரை பாதி முடிந்திருக்கிறது.